பத்திரமா இருக்கட்டும்னு

தல்லாகுளம் ஜெராக்ஸ் கடையின் கண்ணாடி மேசையில் மதிய வெயில் விழுந்து கிடக்கிறது. ஓவியக் கல்லூரி விண்ணப்பத்தோடு அனுப்ப முனீஸ்வரி கரியால் வரைந்த அம்மாவின் முகம், லேமினேஷனுக்குள் பளபளக்கிறது. “தாளை அப்படியே கேக்குறாங்க. லேமினேஷனோட போனா எடுத்துக்கிற மாட்டாங்கண்ணே” என்றபடி கடைக்காரர் ஹரிராம் ஓரத்தில் பிளேடை நுழைக்கிறார். பிளாஸ்டிக் மெல்லப் பிரிகிறது. அம்மாவின் ஒரு கன்னமும் அதோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. “மார்க்‌ஷீட்டுக்குப் போடுறாப்லதானே தாயி போட்டேன். பத்திரமா இருக்கட்டும்னு…” என்கிறார் அப்பா நல்லகாமன். முனீஸ்வரி பிளாஸ்டிக்கைத் திரும்பத் தாள்மேல் வைத்து விரலால் நீவுகிறாள். கன்னம் சற்று விலகி உட்காருகிறது. “மிச்சப் படமெல்லாம் இருக்குல்ல பாப்பா, அதைக் குடு” என்று ஹரிராம் கை நீட்டுகிறார். நல்லகாமன் மஞ்சப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறார். உள்ளே பிளாஸ்டிக் சரசரக்கிறது.