முப்பதும் தப்பு

"நூத்தி இருபத்தி நாலு! வெளிய சொல்லிடாதக்கா, மானம் போயிடும்" என்று சின்னவள் கைப்பேசியை அக்காவின் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

பெரியவள் அம்மாவைப் புரட்டிப் படுக்க வைத்து முதுகில் பவுடர் போட்டுக்கொண்டிருந்தாள். "எனக்கு அவ்வளவுதான்டி வரும். உனக்கு எவ்வளவு?"

"நூத்தி எழுபத்தி ஒண்ணு."

"அப்புறமென்ன? நீதான் போற. பேச்சு பேச்சா இருக்கணும்."

அந்தப் பேச்சு நாலு மாதத்துக்கு முந்தையது. மேலாண்மைப் படிப்பின் நுழைவுத் தேர்வுக்காக இருவரும் ஒன்றாகத்தான் பயிற்சி மையத்தில் சேர்ந்தார்கள். ஐந்தாவது மாதிரித் தேர்வு முடிந்த வாரம் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு கையும் காலும் விழுந்துவிட்டன. அப்பா லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் இருபது நாள் ரோட்டில். ஒருத்தி வீட்டில் இருந்தே ஆக வேண்டும். யார் என்று அப்பா வாயைத் திறக்கவில்லை. பாவம், எந்த மகளின் முகத்தைப் பார்த்துச் சொல்வார்?

பெரியவள்தான் வழி சொன்னாள். "பத்தாவது டெஸ்ட்ல யாருக்கு மார்க் அதிகமோ அவ போய்ப் படிக்கட்டும். இன்னொருத்தி அம்மாகூட இருக்கட்டும். அப்புறம் அழுகையும் கூடாது, ஆத்திரமும் கூடாது."

அன்றிலிருந்து சின்னவள் பேய் மாதிரி படித்தாள். அக்காவின் மார்க்கோ ஆறாவது தேர்விலிருந்து இறங்கிக்கொண்டே வந்தது. போட்டி என்று சொன்னவளே புத்தகத்தைத் தொடாமல் இருந்தால் எரிச்சல் வராதா? ஜெயித்த சந்தோஷம்கூட சின்னவளுக்கு முழுசாகக் கிடைக்கவில்லை.

மறுநாள் மையத்தில் விடைத்தாளை வைத்து அலசுவார்கள். "என்னோடதைக் கேக்காத. அதுல கேக்கறதுக்கு ஒண்ணுமில்ல" என்று பெரியவள் இரண்டு தடவை சொல்லி அனுப்பினாள். சொன்னால் கேட்கிற பிறவியா சின்னவள்?

"உனக்கு நேரம்தான் பிரச்சினை. கடைசிப் பத்து கேள்வியில பதறுற. சரி பண்ணிடலாம்" என்றார் கணக்கு சார்.

"அப்படியே அக்காவோடதையும் பாருங்க சார். நாலு வார்த்தை நறுக்குன்னு திட்டுங்க, வீட்டுல போய் அப்படியே ஒப்பிக்கிறேன்."

சார் சிரித்துக்கொண்டே பெரியவளின் விடைத்தாளை எடுத்தார். கணக்குப் பகுதியில் முப்பது கேள்வி. முப்பதுக்கும் வட்டத்தைக் கருப்பாக்கியிருந்தாள். முப்பதும் தப்பு.

"ஒரு வரி தள்ளி நிரப்பிட்டாளோ? வருஷத்துக்கு நாலு பேராவது அப்படிப் பண்ணுவாங்க" என்று சரியான விடைகளின் தாளைப் பக்கத்தில் வைத்து ஒரு வரி ஏற்றிப் பார்த்தார். இறக்கிப் பார்த்தார். ம்ஹூம். அதுவும் இல்லை.

சாரின் சிரிப்பு நின்றுவிட்டது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா, ஒரு கேள்விக்கு நாலு விடை குடுக்கறோம். கண்ணை மூடிக்கிட்டு, கை போன போக்குல கருப்படிச்சாக்கூட முப்பதுல ஏழெட்டு சரியா விழும். ஒண்ணும் தெரியாதவளால முப்பதையும் தப்பா போட முடியாது."

"புரியல சார்."

"முப்பதுக்கும் சரியான விடை அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. ஒண்ணுகூடச் சரியா விழுந்துடக் கூடாதுன்னு பார்த்துப் பார்த்து வேற வட்டத்தைக் கருப்பாக்கியிருக்கா."

சரிக்கு மூன்று, தப்புக்கு ஒன்று கழிவு. சார் விடைத்தாளின் ஓரத்தில் பென்சிலால் கூட்டிப் பார்த்து 244 என்று எழுதினார். "நம்ம மையத்துல இதுவரைக்கும் யாரும் இருநூத்தி இருபதைத் தாண்டினதில்ல. எதுக்கும்மா இப்படிப் பண்ணினா?"

சின்னவளுக்குத் தெரியும்.

"நான் வேணா உங்க அப்பாகிட்ட பேசட்டுமா?"

"வேணாம் சார். நானே சொல்லிடறேன்."

அக்காவின் விடைத்தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்பியவள், பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வழியெல்லாம் அழுதாள். என்னவெல்லாம் பேசிவிட்டோம், மக்கு என்றும் சோம்பேறி என்றும்! சும்மா விட்டுக்கொடுத்தால் தங்கை ஏற்கமாட்டாள் என்று போட்டியை வைத்து, அதில் வேண்டுமென்றே தோற்றுப்போனவளைப் போயா? 'நீ போக்கா, அம்மாவை நான் பார்த்துக்கறேன்' என்று மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். சத்தியமாக, அதைச் சொல்லத்தான் வீட்டுக்கு வந்தாள்.

உள்ளே பினாயில் வாடை. பெரியவள் ஒரு கையால் அம்மாவை நெஞ்சோடு தாங்கிக்கொண்டு, மறு கையால் நனைந்த விரிப்பை உருவிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அது நாலாவது விரிப்பு.

"சார் என்னோட பேப்பரைப் பார்த்தாரா?" பெரியவள் திரும்பாமலேயே கேட்டாள். குரலில் லேசாகப் பயம்.

சின்னவள் விரிப்பைப் பார்த்தாள். வாளியைப் பார்த்தாள். அம்மாவின் கோணிய வாயைப் பார்த்தாள்.

"பார்த்தாருக்கா. உனக்குக் கணக்கு சுத்தமா வரலன்னு சொன்னாரு."

"நான்தான் அப்பவே சொன்னேன்ல!" என்று பெரியவள் சிரித்தாள். குட்டு உடையவில்லை என்ற நிம்மதி முகமெல்லாம் தெரிந்தது.

அவள் முதுகுக்குப் பின்னால், பென்சிலில் எழுதிய 244 வெளியே தெரியாதபடி, சின்னவள் அந்த விடைத்தாளை நாலாக மடித்துக்கொண்டிருந்தாள்.