சங்கரி வீட்டு வாசலில் நாலு நிமிஷம்

"தண்ணில போவும்போது வண்டிய நிறுத்தக் கூடாதுன்னு எல்.கே.ஜி. புள்ளைக்குக்கூடத் தெரியும். நீ தினம் நாலு நிமிஷம் நிறுத்திவெச்சிருக்கிற. ஏன்யா?"

சூப்பர்வைசர் வெங்கடேசன் தன் செல்போனை டிரைவர் டேனியலின் மூக்குக்கு நேரே நீட்டினார். திரையில் பிள்ளையார்பாளையத்தின் வரைபடம். அதன் நடுவே, பால் கம்பெனியின் ஜீப் நின்ற இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. ஆறு நாளாக அதே தெரு, அதே காலை ஆறே முக்கால்.

"நான் நிறுத்தல சார். நிறுத்துறாங்க."

"யாரு, டிராபிக் போலீஸா? முழங்கால் தண்ணிலயா?"

"ஒரு அம்மா சார். கூட வந்து நீங்களே பாருங்க."

வெங்கடேசன் நம்பவில்லை. வழியில் வெளியாளை ஏற்றினால் அன்றோடு வேலை காலி என்பது கம்பெனியின் சட்டம். அதன்படி போன மாதம்தான் விக்ரம் என்ற டிரைவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்.

"சவாரி அடிக்கிறியா? உண்மையைச் சொல்லிடு."

"பாத்துட்டு முடிவு பண்ணுங்க சார். தப்புன்னு தோணுச்சின்னா இன்னிக்கே சாவியக் குடுத்துடறேன். ரெண்டு பொண்ணுங்க இருக்குது சார் எனக்கு. வேலையோட விளையாடுவேனா?"

வெங்கடேசன் பேன்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டு முன்சீட்டில் ஏறினார். ஒரு வாரம் பெய்த மழையில் டெம்போ எதுவும் அந்தப் பக்கம் போக முடியவில்லை. நாலு சக்கரமும் இழுக்கிற இந்த ஜீப்தான், பின்னால் பால் பெட்டிகளும் அதற்கு மேல் தார்ப்பாயுமாக, ஊருக்குக் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தது.

தெருவுக்குள் நுழைந்ததும் டேனியல் முதல் கியருக்கு மாறி, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமல் உருட்டினான். இருபுறமும் தண்ணீர் பிளந்து வாசற்படிகளில் மோதியது. வெங்கடேசனுக்குத் தான் ஒரு கடற்படைத் தளபதி என்றே தோன்றியது. அந்தப் பெருமை பதினோரு வீடுகள்வரை தாங்கியது.

பன்னிரண்டாவது வீட்டு வாசலில், தெருவின் நட்டநடுவே, கையில் துடைப்பத்தோடு ஒரு பெண் நின்றாள்.

"வந்துட்டாருய்யா ஜமீன்தாரு! யோவ், நீ கெளப்புற அலை எங்க போவுது தெரியுமா? என் படிதாண்டி, கூடம்தாண்டி நேரா தறிக்குழில போய் எறங்குது! ராத்திரி பூரா நான் எறைச்சுக்கினு இருக்கிறேன், காலைல நீ வந்து ரொப்பிட்டுப் போற!"

"யம்மா சங்கரியம்மா, மெதுவாத்தான்மா வரேன்!"

"எது மெதுவு? இன்னும் கொஞ்சம் முன்னாடி வா, வந்து உள்ள பாரு! பட்டுப்பாவு நனைஞ்சு தொங்குது. நில்லு! அங்கியே நில்லு! ஒரு இஞ்ச் நகர்ந்த, தொடப்பம் பிஞ்சிடும்!"

டேனியல் அவள் வீட்டுப் படியை ஒட்டியே நின்றான். சைலன்சரில் தண்ணீர் புகாமலிருக்க இன்ஜினை உறுமவிட்டபடியே, "பாத்தீங்களா சார்? தினம் இதான்," என்றான் பரிதாபமாக.

வெங்கடேசனுக்கு ரத்தம் கொதித்தது. சடாரென்று இறங்கினார். செருப்பில் ஒன்று அவரிடம் சொல்லிக்கொள்ளாமல் மிதந்து போனது.

"ஏம்மா, நடுரோட்ல வண்டிய மறிக்கலாமா? இது பால் வண்டிம்மா!"

"ஓ, நீதான் பெரிய ஆளா? வா! ஒன்னத்தான் ஆறு நாளா தேடிக்கினு இருக்கிறேன்!" சங்கரி அவரை வண்டியின் முன்பக்கத்துக்குத் தள்ளிக்கொண்டே வந்தாள். "பால்ல தண்ணி ஊத்துனது பத்தலன்னு என் வீட்லயும் வந்து ஊத்துறியா?"

"மரியாதையா பேசு! எங்க பாலைப் பத்தி ஒரு வார்த்த சொல்லக் கூடாது!"

"சொல்லுவேன்! அந்தப் பாலுக்கு இந்தத் தண்ணியே கெட்டியா இருக்குது!"

எதிர்வீட்டு ஜன்னல்களிலிருந்தும் கோபங்கள் வந்து சேர்ந்துகொண்டன. கால்வாய், கவுன்சிலர், கரண்ட் என்று எல்லாக் குறைகளும் வெங்கடேசன் தலையிலேயே விழுந்தன. டேனியலும் தன் பங்குக்கு ஹாரனை அழுத்திக் கத்தினான். இரண்டு ஊருக்குக் கேட்டிருக்கும்.

கடைசியில், இடுப்புவரை நனைந்து, தொண்டை கட்டிப்போய், வெங்கடேசன் கைகளைக் கூப்பினார்.

"தாயே, இப்ப நான் என்னதான் பண்ணணும்?"

"வண்டி வந்தா என் வாசல்ல நிக்கணும். அலை அடங்கணும். அப்பறமா ஆமை மாதிரி போவணும்."

"சரி! இனிமே அஞ்சு நிமிஷம் நிக்கும். போதுமா?"

சங்கரி ஜீப்பை ஒரு பார்வை பார்த்தாள். "போ," என்று துடைப்பத்தைத் தோளில் சாத்திக்கொண்டு வழிவிட்டாள்.

"என்னா பொம்பளைய்யா அது!" வழிநெடுக பேன்ட்டைப் பிழிந்துகொண்டே வந்தார் வெங்கடேசன். "உன்மேல சந்தேகப்பட்டேன் பாரு, என்னச் சொல்லணும். அந்த எடத்துல அஞ்சு நிமிஷம் நிக்கலாம்னு நானே எழுதிக் குடுத்துடறேன்." பஸ் ஸ்டாண்டில் ஒற்றைச் செருப்போடு இறங்கிப் போனார்.

டேனியல் நேராக அரசு ஆஸ்பத்திரி கேன்டீனுக்கு வண்டியை விட்டான். அங்கே இறக்க வேண்டியது கடைசி எட்டுப் பெட்டி. பின்னால் போய்த் தார்ப்பாயை விலக்கினான்.

"போய்ட்டாராப்பா?" என்று பெட்டிகளின் நடுவிலிருந்து தலையை நீட்டினார் சங்கரியின் கணவர் சம்பந்தம். சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டுப் போட்டு, அதன்மேல் பாலிதீன் பை சுற்றிய வலது காலை மெல்ல வெளியே வைத்தார். தினமும் கட்டு மாற்ற வேண்டும், அழுக்குத் தண்ணீர் பட்டால் காலையே எடுக்கவேண்டி வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எந்த ஆட்டோவும் அந்தத் தெருவுக்குள் வரவில்லை.

டேனியல் தோளைக் கொடுத்து அவரை இறக்கினான்.

"அண்ணா, நாளைலேர்ந்து நமக்கு அஞ்சு நிமிஷம். அக்காவ நிதானமா திட்டச் சொல்லுங்க, நீங்களும் அவசரப்படாம ஏறலாம்."