கான்ஸ்டபிள் வேஷம்

"சுப்பராயலு வரமாட்டாருங்க! அவரு ஏறின பஸ்ஸு கூட்டேரிப்பட்டுல படுத்துக்கினு கெடக்குது. ஆக்சில் போச்சாம்!"

ஆர்மோனியக்காரர் மூச்சிரைக்கச் சொல்லி முடிப்பதற்குள் மாசிலாமணி கைக்கடிகாரத்தை இரண்டு தடவை பார்த்துவிட்டார். திண்டிவனத்துப் பள்ளிக்கூட ஹால் நிரம்பி வழிகிறது. நாடகம் தொடங்க அரைமணி நேரம்கூட இல்லை. கான்ஸ்டபிள் வேஷம் கட்ட ஆளில்லை!

விழுப்புரத்தில் ரயில்வே குமாஸ்தாவாக இருக்கும் மாசிலாமணிக்கு நாடகம் என்றால் உயிர். ஊர் நாடக மன்றத்தின் செயலாளர், கதாசிரியர், டைரக்டர் எல்லாம் அவரேதான். அந்த வருஷம் உலக ஊனமுற்றோர் ஆண்டு. ஊனமுற்றவர்களை நல்லபடியாகக் காட்டும் நாடகத்துக்கு ஷீல்டு கொடுப்பதாக ஊனமுற்றோர் சங்கம் ஒன்று அறிவித்தது. விடுவாரா மனுஷன்? கண் தெரியாத கதாநாயகனை வைத்து, காட்சிக்குக் காட்சி அழுகையாகப் பிழிந்து எழுதித் தள்ளிவிட்டார். ஷீல்டை வைக்க வீட்டு அலமாரியில் இடம்கூட ஒழித்தாகிவிட்டது.

"நான் பண்றேண்ணா," என்றான் பூமாலை.

பூமாலை மன்றத்தின் பிராம்ப்டர். மேடையோரத் திரைக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மறந்துபோகிறவர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுப்பவன்.

"நீயா? வெளையாடறியா?"

"எல்லார் டயலாக்கும் எனக்கு மனப்பாடம்ணா."

"டயலாக் தெரியும்டா. ஆனா மேடையில... அதுவும் இந்த ஜட்ஜுங்க முன்னாடி உன்னைப் போயி..."

"ஆறு வருஷமா அடுத்த நாடகத்துல பாக்கலாம், அடுத்த நாடகத்துல பாக்கலாம்னு சொல்லிக்கினே இருக்கீங்க. இன்னிக்கு வேற ஆளு ஏதுண்ணா? ஜல்தியா அந்தப் பேண்ட்டைக் குடுங்க!"

கதாநாயகன் தேவநாதன் கிளிசரின் பாட்டிலும் கறுப்புக் கண்ணாடியுமாகத் திரும்பினார். "எவனாவது வரட்டும்யா. என் அழுகையைக் கெடுக்காம இருந்தா சரி."

வேறு வழி? சுப்பராயலுவின் தொளதொள காக்கிக்குள் பூமாலை புகுந்துகொண்டான். மாசிலாமணி மயிலம் முருகனை வேண்டிக்கொண்டு மணி அடித்தார்.

முன்வரிசை நடுவில் சங்கத் தலைவி தையல்நாயகி, தன் கக்கத்துக் கட்டைகளை நாற்காலியில் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருந்தார். தேவநாதன் அழுதார். விழுந்து அழுதார், புரண்டு அழுதார். தலைவி முகம் இளகவே இல்லை.

அப்புறம் பூமாலை வந்தான். அடேயப்பா, என்ன மிடுக்கு! லத்தியை 'டொக்'கென்று ஊன்றி, தொப்பியைத் தள்ளிவிட்டுக்கொண்டு சபையை ஒரு பார்வை பார்த்தான் பாருங்கள், வாய் திறப்பதற்கு முன்பே விசில் பறந்தது. நேராக இட்லிக்கடை பெஞ்சில் போய், சொந்த வீடு மாதிரி காலை நீட்டி உட்கார்ந்தான்.

"நாலு இட்லி வை அம்மணி!"

"போலீசுன்னா இட்லி சும்மா வெந்துடுமா? காசை எடு மொதல்ல!" என்றாள் கடைக்காரியாக நடித்த அம்சா.

"காசு என்னாத்துக்கு? என்னையே எடுத்துக்கோ!"

இது மாசிலாமணி எழுதின வசனமே இல்லை! அம்சாவும் லேசுப்பட்டவளா? "உன்னை எடுத்துக்கினு போயி எந்த ஆணியில மாட்டறது?" என்றாள். ஹால் குலுங்கியது.

அடுத்தது திருட்டுக் காட்சி. கதைப்படி கான்ஸ்டபிள் மேடையைச் சுற்றிச் சுற்றி ஓடித் திருடனைப் பிடிக்க வேண்டும். பூமாலை பெஞ்சைவிட்டு அசையவில்லை.

"டேய்! திருடினவன் நீ. ஓடிக் களைக்கறவன் நானா? மருவாதையா நீயே ஓடியா!"

திருடன் திகைத்துப்போய் நிஜமாகவே மூட்டையோடு திரும்பி வந்தான். கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. அப்புறம் தேவநாதன் அழ ஆரம்பித்தபோது, "யோவ், கான்ஸ்டபிளைக் கூப்பிடுய்யா!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

'படுபாவி, குடியைக் கெடுத்துட்டானே! ஷீல்டு கோவிந்தா!' என்று மாசிலாமணி தலையில் கை வைத்துக்கொண்டார். கடைசிக் காட்சியில் இட்லிக்கடைக்காரி கான்ஸ்டபிள் கழுத்தில் தானே மாலையைப் போட்டபோது, அவரையும் மீறிச் சிரிப்பு வந்தது. அதற்காகத் தன்மேலேயே கோபமும் வந்தது.

போட்டிக்கு வந்த மற்ற ஊர் நாடகங்களும் முடிந்தன. தையல்நாயகி மேடையில் மைக்கைப் பிடித்தார்.

"ஷீல்டு... விழுப்புரம் மன்றத்துக்கு!"

மாசிலாமணிக்குத் தலைகால் புரியவில்லை. தேவநாதனை இழுத்துக்கொண்டு மேடைக்கு ஓடினார். "இவர்தாங்க மேடம், அந்தக் கண் தெரியாதவர் வேஷம்!"

"இவரு இல்லீங்க," என்று தையல்நாயகி சிரித்தார். "இவரு அழுததுல எனக்குத் தலைவலியே வந்துடுச்சு. நாங்க யாருங்க நாளெல்லாம் அழுதுக்கினு இருக்கோம்? அந்தக் கான்ஸ்டபிளைக் கூப்பிடுங்க. ஷீல்டு அவருக்குத்தான்."

"கான்ஸ்டபிளா?" மாசிலாமணி திருதிருவென்று விழித்தார். "அந்த வேஷத்துல ஊனம்னு ஒரு வார்த்தைகூட நான் எழுதலீங்களே மேடம்!"

திரையை விலக்கிக்கொண்டு பூமாலை வந்தான். காக்கியைக் கழற்றிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டியிருந்தான். வழக்கமான கைத்தடிக்குப் பதிலாக இன்னும் அந்த லத்தியையே ஊன்றிக்கொண்டு, இளம்பிள்ளை வாதத்தில் சூம்பிப்போன இடதுகாலை, அதில் மாட்டியிருந்த இரும்புச் சட்டத்தோடு இழுத்து இழுத்து வைத்து நடந்து வந்தான்.

"எழுதலை இல்லீங்களா?" தையல்நாயகி ஷீல்டை அவன் கையில் கொடுத்தார். "அதுக்குத்தாங்க பரிசு!"