இலை தின்னும் பரிசாரி

உதுமாலெவ்வைப் பரிசாரி பயிரின் நோயை நாக்கால் கண்டுபிடிப்பவர். ஓர் இலையை மென்றாரென்றால், போன போகம் அந்த மண்ணில் என்ன நட்டது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுவார். ஒரேயொரு நிபந்தனை, மருந்தடித்த தோட்டத்துக்குள் கால் வைக்கமாட்டார்.

மருதமுனை ஆதம்பாவாவின் கொச்சிக்காய்த் தோட்டம் முழுக்க மிளகாய்ச் செடிகள் இலை சுருண்டு கிடந்தன.

“மருந்து அடிச்சயா தம்பி?”

“இல்ல காக்கா,” என்றார் ஆதம்பாவா, மூத்தவரை அண்ணன் முறை வைத்து.

பரிசாரி நான்கைந்து இலைகளைப் பறித்து வாயில் போட்டார்.

ஆதம்பாவாவின் பெண்சாதி கமீலா புருசனின் காதோரம் வந்தாள். “விடியத்தானே மருந்து அடிச்சீங்க. சொல்லுங்க.”

“பேசாம இரி. சொன்னா இப்பவே போயிருவார். தோட்டம் போச்சு.”

“மனிசன் நஞ்சைத் திண்டு மவுத்தாப் போயிருவாரே.”

பரிசாரி விழுங்கினார். கண்ணை மூடினார். மூடிய கண் திறக்கவேயில்லை.

ஆதம்பாவா பாய்ந்துபோய் அவர் தோளை உலுக்கினார். “துப்புங்க காக்கா. பொய் சொல்லிட்டன். விடிய மருந்து அடிச்சன். மண்டையோட்டுப் படம் போட்ட போத்தல். வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போவம்.”

பரிசாரி ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

“எந்தக் கடையில வாங்கின?”

“சந்தைக் கபூர்ட கடையில.”

“அப்ப கையை எடு,” என்றபடி இன்னோர் இலையைப் பறித்தார். “கபூருக்கு அதைப் போத்தல்ல அடைச்சுக் குடுக்கிறதே நான்தான். வெறும் தேயிலைச் சாயம்.”

ஆதம்பாவா அவர் தோளிலிருந்து கையை எடுத்தார்.

“நோயும் பிடிபட்டுட்டுது தம்பி. உன்ட கொச்சிக்கு இன்னும் ஒரு சொட்டு மருந்தும் படல்ல.”