இடஞ்சுழி

கரைசல் வழியே போகும் ஒளி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்ப்பதுதான் ஆய்வுக்கூடத்தில் அவள் வேலை. குளுக்கோஸ் என்றால் வலஞ்சுழி. அதன் கண்ணாடிப் பிம்பமான இடஞ்சுழி குளுக்கோஸ் நாக்குக்குத் தித்திக்கும், உடம்பில் ஒட்டாது.

ஓராண்டாக அவள் துரும்பாய் இளைத்துக்கொண்டிருந்தாள். காலையில் கணவன்தான் ஒரே டப்பாவிலிருந்து இருவருக்கும் குளுக்கோஸ் கலப்பான். இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்பாள் அக்கா.

ஒருநாள் விளையாட்டாக இரண்டு டம்ளரிலிருந்தும் கொஞ்சம் எடுத்துப்போய்ச் சோதித்தாள். அவனுடையது வலம். அவளுடையது இடம். மூன்று முறை பார்த்தாள். டப்பாவிலிருந்த பொடியும் வலம்தான்.

மறுநாள் அவன் முகம் கழுவப் போன நேரத்தில், ஒரே மாதிரியான அந்த டம்ளர்களை மாற்றி வைத்தாள்.

அவன் வந்து உட்கார்ந்தான்.

"குடிம்மா, உடம்பு தேறணும்ல?" என்றபடி, குனிந்துகூடப் பார்க்காமல், டம்ளர்களைப் பழையபடி மாற்றி வைத்தான்.