வராதவர்களுக்கான குரல்

முன்னாள் மாணவர்களின் வருடாந்திர விருந்தில் அப்படியொரு வழக்கம் இருந்தது. சிறப்பு விருந்தினர் பேசி முடித்ததும் பழைய வகுப்பின் பெயர்களை வாசிப்பார். அந்தக் காலத்தில் மட்டம் போட்டவனுக்குக் கொடுத்ததுபோல, செத்துப்போனவனுக்கு நண்பன் எவனாவது ‘உள்ளேன் ஐயா’ என்று குரல் கொடுப்பான். எல்லோரும் சிரிப்பார்கள். தணிகாசலத்துக்கு வருஷாவருஷம் ஞானதுரைதான் குரல். ஞானதுரையைப் பெயர் சொல்லிக் கூப்பிட இந்த விருந்தை விட்டால் இப்போது உலகத்தில் வேறு ஆளில்லை. அந்த ஒரு கூப்பிடலுக்காகவே பஸ் ஏறி வந்துவிடுவார்.

“ஞானதுரை.”

அவர் தொண்டையைச் செருமி வாய் திறப்பதற்குள் பின்வரிசையிலிருந்து, “உள்ளேன் ஐயா!” என்றான் பல வருடம் கழித்து வந்திருந்த சிதம்பரநாதன். “பாவம், நல்ல மனுஷன்,” என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிக்கொண்டான். கூட்டம் சிரித்தது. விருந்தினர் அடுத்த பெயருக்குப் போய்விட்டார்.

“தணிகாசலம்.”

யாரும் வாய் திறக்கவில்லை. தன்னை விட்டால் அவனுக்கு யார்? ஞானதுரை எழுந்து நின்று, “உள்ளேன் ஐயா,” என்றார்.

பின்வரிசையிலிருந்து எழுந்து வந்த சிதம்பரநாதனின் கை அவர் தோளை ஆசையாகப் பற்றியது. “டேய் தணிகாசலம்! செத்தது நீயா அவனான்னு குழப்பிட்டானுங்கடா. எப்படி இருக்கே?”

ஞானதுரை திரும்பினார்.

“நல்லா இருக்கேன்டா.”