கமலம்மாள் சார்பில்

"கையெழுத்து எங்க போடணும்? அதை மட்டும் காட்டு கண்ணு" என்றாள் கமலம்மாள்.

அனுப்ரியாவுக்குச் சிரிப்பு வந்தது. கனடா லைசென்ஸ் வாங்கி, மைசூர் அக்ரஹாரத்தில் குடியேற்ற ஆலோசகராகப் போர்டு மாட்டி நாலு வருடமாகிறது. கேள்வி கேட்டே வறுத்தெடுக்கிறவர்களைத்தான் இதுவரை பார்த்திருக்கிறாள். இந்த அம்மாள் இரண்டு தெரு தள்ளி ஆறு தையல் மிஷின் போட்டுக் கடை நடத்துகிறவள். அறுபது வயசு. பேனாவைத் திறந்து கையில் பிடித்தபடியே உள்ளே வந்துவிட்டாள்.

"இருங்கம்மா, விஷயத்தைச் சொல்லுங்க. விண்ணப்பம் யார் போட்டது?"

"என் பையன் தருண்குமாருங்க. டொரான்டோல இருக்கான். என்னை அங்கேயே நிரந்தரமா கூப்பிட்டுக்க ஒண்ணரை வருஷமா எழுதிக்கிட்டிருக்கான்."

"அவரே பார்த்துக்கறாரே, அப்புறம் உங்களுக்குத் தனியா பிரதிநிதி எதுக்கு?"

"எப்படிப் பார்த்துக்கறான்? ஈமெயிலு அவனோடது, ஃபோன் நம்பரு அவனோடது. வாட்ஸ்அப்புல காகிதம் வரும். என்னன்னு கேட்டா 'சும்னே, சும்மா கையெழுத்துப் போடும்மா'ம்பான். நானும் புள்ளை கேக்கறானேன்னு போட்டுத் தொலைச்சேன். அங்க என்ன கேட்டாங்க, இவன் என்ன சொன்னான், ஒரு எழவும் எனக்குத் தெரியாது."

அனுப்ரியா தலையாட்டினாள். பிள்ளைகள் வெளிநாட்டிலிருக்கும் வீடுகளில் பாதிக்கு மேல் இதே கதைதான்.

"இந்தப் பிரதிநிதி ஃபாரம் போய்ச் சேர்ந்துட்டா, உங்க விஷயமா வர்ற கடுதாசி எல்லாம் எனக்குத்தான் வரும். பதில் எழுதறதும் நான்தான். சம்மதமா?"

"அதுக்குத்தானே வந்திருக்கேன்!"

அதற்குள் கமலம்மாளின் செல்போன் அலறியது. தருண்குமார்தான். அவன் போட்ட சத்தம் மேசைக்கு இந்தப் பக்கம் வரை கேட்டது.

"அம்மா, ஆலோசகர்கிட்ட போயிருக்கியாமே? பக்கத்து வீட்டு சொர்ணலதா அக்கா சொன்னாங்க. நான் பார்த்துக்க மாட்டேனா?"

"நீ பார்த்துக்கிட்டது போதும் சாமி."

"மெடிக்கல் செக்கப் ஒண்ணுதாம்மா பாக்கி. வியாழக்கிழமை அது முடிஞ்சா..."

"அதுக்கு முன்னாடி இது முடிஞ்சாகணும்" என்று சொல்லி, போனை அணைத்து மேசை மேல் கவிழ்த்து வைத்தாள்.

அனுப்ரியாவுக்கு மனசு இளகிவிட்டது. பெற்ற பிள்ளையோடு போய்ச் சேர எப்படித் துடிக்கிறாள்! இவ்வளவு ஆசையோடு இருக்கிறவளை ஒன்றரை வருடம் இழுத்தடித்திருக்கிறானே, என்ன பிள்ளை இவன்! அந்தத் தருண்குமார் மேல் அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. என்ன ஆனாலும் சரி, இந்தக் காரியத்தை முடித்துக் கொடுத்தே தீருவது என்று முடிவு செய்தாள்.

ஃபாரத்தை வரி வரியாகத் தமிழில் சொல்லிவிட்டு, கோடு போட்ட இடத்தைக் காட்டினாள். கமலம்மாள் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, முழுப் பெயரையும் அழுத்தி எழுதினாள்.

"ஆயித்தும்மா, முடிஞ்சுது. இனிமே உங்க சார்பா பேசறது நான்தான். முதல் கடுதாசி இன்னைக்கே போயிடும். மெடிக்கல் முடிஞ்சதும் விசாவைச் சீக்கிரம் தரச் சொல்லி எழுதட்டுமா?"

கமலம்மாள் பேனாவை மூடினாள்.

"கமலம்மாள் வரலைன்னு எழுது கண்ணு. ஒண்ணரை வருஷமா நானும் அதையேதான் சொல்லிக்கிட்டிருக்கேன், என் பையன்தான் அதை மட்டும் எழுத மாட்டேங்கறான்."